ஊசியும் இஞ்சியும்

(திருமானூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று பேசும்படி நமக்குக் கொடுத்திருக்கும் விஷயம், புற்றுநோய்க்குக் கீமோ என்னும் மருந்தை ஏற்றிக்கொள்ளுகிறவர்கள் படுகிற உபத்திரவத்தைப் பற்றியும், அந்த உபத்திரவத்தைத் தணிப்பதற்கென்று வீட்டிலும் கடைத்தெருவிலும் சொல்லப்படுகிற துணை வைத்தியங்களைப் பற்றியும் ஆகும். நாம் வைத்தியரல்ல, வைத்தியப் பரீட்சையில் தேறினவருமல்ல. படித்ததையும், கேட்டதையும், கண்ணால் கண்டதையும் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறோம். ஆகையால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இந்த விஷயத்தில் நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்களானால், காரணம் இருக்கிறது. கொள்ளிடக் கரைக் கிராமமொன்றில் நமக்குப் பழக்கமான குடும்பத்து அம்மாள் ஒருவருக்கு மார்பில் கட்டி கண்டது. நோய் முற்றவில்லை, ஆறு தடவை மருந்து ஏற்றிக்கொண்டு அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டால் பிழைக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டு தடவை ஏற்றியாயிற்று. முடி கொத்துக் கொத்தாய் வந்தது. வாயெல்லாம் புண். மூன்றாந் தடவைக்குப் பாலந் தாண்டிப் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி வாசற்படியை மிதித்ததுதான் தாமதம், ஊசி போடுவதற்கு முன்பாகவே வாந்தி. அப்படியே திரும்பிவிட்டார்கள். "கத்தியில்லை, ஊசியில்லை, பக்க விளைவென்பதே இல்லை" என்று ஒரு வைத்தியரைப் பற்றி உறவினர் ஒருவர் சொன்னார். கஷாயமும் ஒரு சாம்பல் நிறப் பொடியும் கொடுக்கப்பட்டன. இரண்டு மாதத்தில் அம்மாளுக்கு உடம்பு தெளிந்தது, பசி எடுத்தது, முடியும் அரும்பிற்று. ஊரெல்லாம் அந்த வைத்தியரின் கீர்த்திதான். பத்தாவது மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நோய் எலும்புக்குப் போய்விட்டிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு மாதத்துத் தெளிவைத்தான். அது பொய்யல்ல, உண்மையாகவே தெளிந்தது. ஆனால் தெளிய வைத்தது எது? உடம்பை வாட்டிக்கொண்டிருந்தது அப்போதைக்கு நோயல்ல, மருந்து. மருந்தை நிறுத்தியவுடன் மருந்தின் உபத்திரவமும் நின்றது. பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் தெளிந்திருக்கும். ஆனால் பெயர் கஷாயத்திற்கு வந்தது. அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் அதே வாசலுக்குப் போனார்கள் என்பதையும் நாம் அறிவோம். உள்ளே கட்டி வளருவது சத்தம் போடுவதில்லையல்லவா?

மருந்து ஏன் இப்படி வாட்டுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். புற்றுநோய் என்பது வெளியிலிருந்து வந்து புகுந்த பிசாசுமல்ல, முன் ஜன்மத்துக் கணக்குமல்ல. நம் உடம்பின் உயிரணுக்களிலேயே சில, கட்டுக்கு அடங்காமல் பெருகுவதுதான். கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் உயிரணு எதுவானாலும் அதை அடிக்கிறது. களைக்கொல்லி அடித்தால் ஓரத்துப் பயிரும் சற்றுக் கருகுகிறதே, அதுபோல, உடம்பில் இயற்கையாகவே வேகமாகப் பெருகுகிற மயிர்க்காலும், வாயின் உட்தோலும், குடலின் உட்தோலும், எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் ரத்த அணுக்களும் சேர்ந்து அடிபடுகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வயிற்றோட்டம் வருகிறது, வெள்ளணு குறைந்து ஜுரம் வருகிறது. குடலில் அடிபட்ட அணுக்கள் செரடோனின் என்ற பொருளை வெளியிட, அது மூளைக்குச் சேதி அனுப்பி வாந்தியை உண்டாக்குகிறது. மருந்து நின்ற பிறகு இவற்றில் பெரும்பாலானவை தாமாகச் சரியாகிவிடும்; முடியும் சில மாதங்களில் முளைத்துவிடும்.

"அது ரசாயன விஷம், எங்களுடையது மூலிகை" என்று பேசுகிறவர்கள் பலர். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இந்த ஊர்ச் சுடுகாட்டிலேயே பூத்துக்கொண்டிருக்கிறது. நித்தியகல்யாணி என்றும், சுடுகாட்டுப் பூ என்றும் நாம் சொல்லுகிற அந்தச் செடிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நல்லது என்று ஜமைக்காத் தீவில் ஒரு கை வைத்தியம் இருந்தது. 1950-களில் கனடா தேசத்து விஞ்ஞானிகள் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்தன. 'நினைத்தது நடக்கவில்லை' என்று தூக்கி எறிந்துவிடாமல், வெள்ளணுக்கள் மிதமிஞ்சிப் பெருகுகிற ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா என்று தேடினார்கள். அந்த வழியில் கிடைத்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள். இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் ஏற்றப்படுகிறது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே யாராவது இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் நித்தியகல்யாணி இலையைப் பறித்துக் கஷாயம் போட்டால், மருந்தின் அளவும் இருக்காது, விஷம் மட்டும் மிஞ்சும். அந்த வேலை வேண்டாம்.

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பவர், படிப்பு முடிந்ததும் சென்னையிலேயே டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். நாட்டு வைத்தியத்தில் அவருக்கு உண்மையான பற்று. ஆனால் அதைச் சுவடியில் இருக்கிறது என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், சோதித்து நிலைநாட்ட வேண்டும் என்று நினைத்தார். 1920-களில் அமெரிக்கா போனார். அவருடைய தலைமையில் இருந்த ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வந்த அமினாப்டரின் என்ற மருந்தைக் கொண்டுதான், பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்குவதை 1948-ல் உலகத்திற்குக் காட்டினார். அதே வருஷம் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஆகவே மேல்நாட்டுச் சரக்கு, கீழ்நாட்டுச் சரக்கு என்று பேசுவதில் அர்த்தமில்லை. சோதித்த சரக்கா, சோதிக்காத சரக்கா என்பதுதான் பேச்சு.

இனி, உபத்திரவத்தைத் தணிக்கும் வழிகளைப் பார்ப்போம். அவற்றையெல்லாம் ஒரேயடியாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நாம் தயாரில்லை. தள்ளினால் நாமும் சோதிக்காமல் பேசுகிற கூட்டத்தில் சேர்ந்தவர்களாவோம்.

முதலில் இஞ்சி. நம் பாட்டிமார்கள் குமட்டலுக்கு இஞ்சி கொடுத்தார்கள். சரிதானா என்று அமெரிக்காவில் கீமோ ஏற்றிக்கொண்டவர்களிடம் சோதித்து, 576 பேருடைய கணக்கை 2012-ல் வெளியிட்டார்கள். சிலருக்கு இஞ்சிப் பொடி அடைத்த குளிகை, சிலருக்கு ஒன்றுமில்லாத வெறுங் குளிகை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் டாக்டர் கொடுக்கும் வாந்தி மாத்திரையும் உண்டு. முடிவு என்னவென்றால், இஞ்சி தின்றவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. அதிலும் அரை கிராமும் ஒரு கிராமும் தின்றவர்களுக்குத்தான் நல்ல பலன். ஒன்றரை கிராம் தின்றவர்களுக்கு அதைவிட அதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு சில சோதனைகளில் இந்த அளவு பலன்கூடக் காணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆகவே மாத்திரையோடு கூட ஒரு துண்டு இஞ்சி என்றால் ஆட்சேபணையில்லை. மாத்திரைக்குப் பதிலாக இஞ்சி என்றால் அது வேறு விஷயம். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும், ரத்தத் தட்டணு குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் பொடியும் குளிகையுமாக அதிகம் தின்னக் கூடாது.

அடுத்தபடியாக மணிக்கட்டுப் பட்டை. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி ஒரு இடத்தை அழுத்தினால் குமட்டல் அடங்கும் என்பது சீன தேசத்து வைத்தியம். இங்கிலாந்தில் 500 நோயாளிகளை மூன்று பங்காக்கி, ஒரு பங்குக்கு உண்மைப் பட்டையும், ஒரு பங்குக்கு அழுத்தாத போலிப் பட்டையும், மற்றவர்களுக்குப் பட்டையே இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்து 2013-ல் முடிவு சொன்னார்கள். மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 'கட்டினேன், நின்றது' என்று ஒருவர் சொல்லுவது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. நம்மூர்த் தாயத்துக்கும் இப்படி ஒரு போலித் தாயத்துச் சோதனை வைத்துப் பார்க்க யாராவது முன்வந்தால், செலவில் ஒரு பங்கு நாம் தருகிறோம்.

வாய்ப்புண்ணுக்கு ஐஸ். இது பலருக்குத் தெரியாது. ஃபுளோரோயுராசில் என்ற மருந்தைச் சிலருக்கு ஒரேயடியாக ஊசியில் செலுத்துவார்கள். அப்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டை வாயில் வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தால், வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போகிறது, புண்ணும் குறைகிறது. 1991-ல் சோதித்துச் சொன்னார்கள்; இன்றைக்கு உலகத்து டாக்டர்கள் ஒப்புக்கொண்ட முறை. காசு செலவுமில்லை. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறுகிறவர்களுக்குக் குளிர்ச்சி பட்டால் தொண்டை இறுகுவதுபோலவும் விரல் மின்சாரம் பட்டதுபோலவும் ஆகும். அவர்கள் ஐஸைத் தொடவே கூடாது. ஒருவருக்கு மருந்து, மற்றொருவருக்கு உபத்திரவம். இதனால்தான் என்ன மருந்து ஏறுகிறது என்று பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.

தேனுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. புகையிலை போட்டு வாயிலும் தொண்டையிலும் நோய் வாங்கிக்கொண்டு, நம் ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லுகிற கதிர்ச் சிகிச்சை எடுத்துக்கொள்ளுகிறவர்களுக்கு, வாய்ப்புண் அதிகமாகாமல் இருக்கத் தேன் உதவலாம் என்று 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு செய்யவும்.

யோகம் என்ற வார்த்தையைச் சொன்னதும் நம் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் பொறுமையாய்க் கேட்க வேண்டும். மேலே சொன்ன அம்மாளுக்கு ஊசி போடுவதற்கு முன்பே வாந்தி வந்ததே, அது ஏன்? சாப்பாட்டுக்கு முன் ஒரு ஓசையைக் கேட்டுக் கேட்டுப் பழகின நாய்க்கு, பிறகு ஓசையைக் கேட்டாலே எச்சில் ஊறும் என்று ருஷ்ய தேசத்துப் பாவ்லாவ் காட்டினார். அதுபோலத்தான் இதுவும். ஆஸ்பத்திரி வாசனையும் வாந்தியும் இரண்டு தடவை சேர்ந்து வந்தால், மூன்றாந் தடவை வாசனையே வாந்தியைக் கொண்டுவரும். அந்த வீட்டில் இதைப் பார்த்துவிட்டு 'காற்றுக் கருப்பு அண்டியிருக்கிறது' என்று வேப்பிலை அடித்தார்கள். இந்த மாதிரிக் குமட்டலுக்கு வாந்தி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. உடம்பையும் மனதையும் தளர்த்திப் பழகுவது கேட்கும். பெங்களூரில் மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்ட 62 பெண்களிடம் சோதித்து, யோகப் பயிற்சி செய்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள். சிறிய சோதனைதான், ஆனாலும் நம் பக்கத்து ராஜ்யத்துப் பெண்களிடம் செய்தது. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுவதற்கு மந்திரமும் வேண்டியதில்லை, காவித் துணியும் வேண்டியதில்லை. அசதிக்கு, படுத்தே கிடப்பதைவிடத் தினம் கொஞ்சம் நடப்பது நல்லது என்பதற்கு இதைவிடப் பலமான ஆதாரம் இருக்கிறது. 'பாவம், படுத்திருக்கட்டும்' என்று நாம் காட்டுகிற இரக்கம் பல சமயங்களில் கெடுதலாய் முடிகிறது.

இவ்வளவும் ஒருபுறமிருக்க, கெடுதல் செய்கிறவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ்மம், பற்பம் என்று பெயர் தெரியாத பொடிகள். 2004-ல் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70-ஐ வாங்கிச் சோதித்ததில் 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்செனிக்கோ இருந்தன. கீமோ மருந்துகளில் சிஸ்பிளாட்டின் போன்றவை ஏற்கெனவே சிறுநீரகத்தை வருத்துபவை. அதன் தலையில் பாதரசத்தையும் ஏற்றினால் என்ன ஆகும்? முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பதினாயிரம் மடங்கு வலுவுள்ளது என்று கைப்பேசியில் ஒரு சேதி சுற்றுகிறது. கண்ணாடிக் குழாயில் அணுக்களின்மேல் பார்த்ததை மனிதர்மேல் பார்த்ததாகத் திரித்துவிட்ட சேதி அது. அந்த இனத்துப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகமாக உபயோகிக்கும் குவாடலூப் தீவில், நடுக்க வாதம் போன்ற ஒரு நோய்க்கும் அந்தப் பழக்கத்திற்கும் சம்பந்தம் காணப்பட்டிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாருக்கும் பயமில்லை. டப்பி டப்பியாய் விற்கும் மஞ்சள் சத்துக் குளிகையை மட்டும் டாக்டருக்குத் தெரியாமல் விழுங்காதீர்கள்.

அமெரிக்காவில் 2018-ல் இரண்டு கணக்குகள் வெளியாயின. முதலாவது, சிகிச்சையே வேண்டாமென்று மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பினவர்கள், சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு இறப்புக்கு ஆளானார்கள் என்பது. மார்புப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேல். இரண்டாவது கணக்குத்தான் நமக்கு முக்கியமானது. சிகிச்சையோடு துணை வைத்தியமும் வைத்துக்கொண்டவர்களில்கூட இறப்பு இரண்டு மடங்காயிருந்தது. இஞ்சியும் மூச்சுப் பயிற்சியுமா கொன்றன? அல்ல. இவர்களில் பலர் இடையில் அறுவையையோ, ஊசியையோ, கதிரையோ வேண்டாமென்று நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தினதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, துணை வைத்தியத்தால் மட்டும் ஏற்பட்ட வித்தியாசம் என்று நிச்சயமாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. துணைக்கு வந்தவன் வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்ட கதைதான்.

ஆனால் குற்றம் முழுவதும் ஜனங்கள்மேல் என்று சொல்ல மாட்டோம். அந்த அம்மாளிடம், 'முடி போகும், திரும்ப வரும். வாந்தி வரும், இன்ன மாத்திரை இருக்கிறது. பொறுக்க முடியாவிட்டால் வந்து சொல், மருந்தை மாற்றுகிறேன்' என்று யாராவது கால் மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அவர் திரும்பியிருப்பாரா? பொடி கொடுத்த வைத்தியர் பேசினார். கையைப் பிடித்துப் பார்த்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த இடத்தில் அவர் ஜெயித்தார். படித்த டாக்டர்கள் இதை அவரிடமிருந்து கற்றுக்கொள்வதில் அவமானமில்லை. வாந்திக்கு மருந்து இல்லாமலா இருக்கிறது? செரடோனினின் வேலையைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் 1990-களிலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது. ஒலன்சபின் என்ற மலிவான மாத்திரையில் 10 மில்லிகிராம் கொடுக்கிற இடத்தில் இரண்டரை மில்லிகிராமே போதும், தூக்க மயக்கமும் குறைவு என்று மும்பை டாட்டா ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2024-ல் காட்டியிருக்கிறார்கள். கேட்டால்தானே கிடைக்கும்? வாயைத் திறந்து, 'ஐயா, தாங்க முடியவில்லை' என்று சொல்லுங்கள். வீட்டில் என்ன கஷாயம் குடிக்கிறீர்களோ அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சென்னை அடையாற்றில் 1954-ல் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கினவர், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கை 1923-ல் இந்த நோயால் துடித்துச் சாவதைக் கண்ணால் பார்த்தவர். அன்றைக்கு நம் ஜில்லாவிலிருந்து போவதானால் வெகுதூரம் போக வேண்டும். இன்று தஞ்சாவூரில் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அரியலூருக்கே 2022-ல் வைத்தியக் கல்லூரி வந்துவிட்டது. சர்க்கார் காப்பீட்டிலும் இந்தச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் சலுகையும் உண்டு. பாதி வழியில் திரும்பி வருவதற்குப் பணம் மட்டும் காரணமல்ல என்பதற்காகச் சொல்லுகிறோம்.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை. சமயபுரத்திற்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசி, பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிற பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அதே தலை மருந்தினால் மொட்டையானால் முக்காடு போட்டு வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தலை ஒன்றுதான், பார்க்கிறவர் கண்தான் வேறாயிருக்கிறது. அவர்களைக் கேலியாகவோ, அமங்கலமென்றோ பார்க்கிறவர்களைத்தான் வெட்கப்பட வைக்க வேண்டும்.

பத்தியமும் அப்படித்தான். மீன் கரப்பான், முட்டை சூடு, கத்தரிக்காய் ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறுங் கஞ்சியைக் கொடுத்து, ஏற்கெனவே இளைத்த உடம்பை இன்னும் இளைக்க வைக்கிறோம். அடிபட்ட அணுக்கள் திரும்ப உண்டாகப் புரதச் சத்து வேண்டும். பருப்பு, முட்டை, மீன், கோழி எதுவானாலும் நன்றாக வெந்திருக்க வேண்டும். பச்சை முட்டையும் பாதி வெந்த கறியும் ஆகாது.

கடைசியாக, இதை மட்டுமாவது வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். மருந்து ஏற்றின பிறகு, முக்கியமாக ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில், வெள்ளணு குறைந்திருக்கும். அப்போது ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயமும் வேண்டாம், விபூதியும் வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்ற பேச்சும் வேண்டாம். நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், 'கீமோ ஏற்றி இத்தனை நாள் ஆயிற்று' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

(பேச்சு முடிந்த பின் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டியார் எழுந்து, "நேற்றுத்தான் என் மகனுக்கு மூன்றாவது ஊசி போட்டது, இன்றைக்கு மீன் குழம்பு வேண்டும் என்கிறான், எல்லோரும் கூடாதென்கிறார்கள், கொடுக்கலாமா?" என்று கேட்டார். "டாக்டர் வேறு காரணத்தால் தடுக்கவில்லையென்றால் நன்றாகக் கொதிக்க வைத்து, சூடு ஆறுவதற்குள் கொடுங்கள், அம்மா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆக்குங்கள். அவனாகக் கேட்கிறான் என்பதே நல்ல சேதி" என்று பதில் சொன்னோம்.)